முழுப் பாட்டும் இறங்கும் வரை

ஃபாதர்,

பாட்டு மெதுவாக இறங்கினால் எல்லோரும் மோடத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அதன்மேல் குற்றம் இருப்பதில்லை.

நேற்று மூன்றாவது ஞாயிறாக, என் தங்கை பெனிட்டாவுக்கும் திருப்பத்தூர் அலெக்ஸுக்கும் பூசையில் திருமண ஓலை வாசித்தீர்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் சொன்னீர்கள். எனக்கு ஒன்று தெரியும். அதைத் தடை என்பதா, இணைய வேகம் பற்றிய ஒரு சிறு விவரம் என்பதா என்பதுதான் தெளிவாகவில்லை. முறையாக விளக்குகிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் நிரலில், பாட்டுகள் எந்தக் கம்பெனியிடமும் இருப்பதில்லை. உலகம் முழுக்க அவரவர் வீட்டுக் கணினியில் இருக்கின்றன. ஊருக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டி இல்லாமல், ஒருவர் கிணற்றில் இன்னொருவர் இறைத்துக்கொள்வது மாதிரி. வீட்டுக்காரர் கணினியை அணைத்துவிட்டால் பாட்டு பாதியில் அறுந்துவிடும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே வேகம் என்பது கம்பியைப் பொறுத்தது மட்டுமில்லை. அந்தப் பக்கம் இருக்கும் மனிதர் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. இது பலருக்குத் தெரியாது.

நான் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துவது உங்களுக்குத் தெரியும். வகுப்பு மாலையில். காலையில் ஃபோன் லைன் சும்மா கிடக்கும்; இணையம் வருவதும் அதில்தான். நான் தேடிய பழைய பாட்டுகள் அத்தனையும் சிகாகோவில் ஒரே ஒருவரிடம் இருந்தன. தன் அப்பாவின் கேசட்டுகளிலிருந்து அவரே கணினியில் ஏற்றியவை, மொத்தம் முந்நூற்று நாற்பது. நமக்குக் காலை என்றால் அவருக்கு முன்னிரவு. ஒரு பாட்டுக்கு நாற்பது நிமிடம் ஆகும். அவரோ முப்பதாவது நிமிடத்தில் தூங்கப் போய்விடுவார்.

நிரல் ஒரு பெயர் கேட்டபோது நான் கொடுத்ததெல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்தவையாக இருந்தன. அதனால் தங்கையின் பெயரோடு நம் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போட்டேன். ஒருநாள் அந்தச் சிகாகோக்காரர், அதாவது அலெக்ஸ், ‘நீங்க காரைக்குடியா? நான் திருப்பத்தூர்’ என்று செய்தி அனுப்பினார். ஆமாம் என்றேன். அன்று அவர் தூங்கப் போகவில்லை. பாட்டு முழுதாக இறங்கியது.

இதை நான் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். ‘தூங்கப் போறேன்’ என்று அவர் சொல்லும்போது ‘சரி’ என்றால் நான்கு நிமிடத்தில் அறுந்துவிடும். ‘அதுக்குள்ளயா?’ என்றால் சராசரி நாற்பத்திரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு சொல் ஒரு பாட்டுக்குச் சமம்.

அடுத்து, அவரிடமிருந்து வேறு ஒன்பது பேரும் பாட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே குழாயில் பத்து வாய். ‘நான் ஒருத்தி போதாதா?’ என்று எழுதினேன். அவர் ஒன்பது பேரையும் வெட்டிவிட்டார். வேகம் இரண்டு மடங்கானது. அதற்குமேல் குறை என் பக்கம்தான் என்று தெரிந்ததும், யாராவது எடுத்தால் இணையத்தை அறுத்துவிடும் சமையலறை இணைப்பு ஃபோனைக் கழற்றினேன்.

“என்னடா ஃபெலிக்ஸ், ஃபோனு செத்துக் கிடக்கு?” என்றார் அம்மா.

“எக்ஸ்சேஞ்சுல வேலை நடக்குதும்மா.”

பொய் எழுதக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன், ஃபாதர். அம்மாவிடம் சொன்னது வேறு கணக்கு. அலெக்ஸ் கேட்டதற்கெல்லாம் பெனிட்டாவின் டைரியைப் பார்த்தே பதில் எழுதினேன். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனதும் பீரோவில் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுப்பேன். அவள் திரும்புவதற்குள் மடிப்புக் கலையாமல் வைத்துவிடுவேன். சொற்கள் எல்லாம் அவளுடையவை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனது மட்டும்தான் நான். தந்திக் கம்பி செய்வதும் அதைத்தான்.

நவம்பரில் அலெக்ஸின் அப்பா ஞானசேகர் சார் பெண் கேட்டு வந்தார். “உங்க வீட்டுப் பொண்ணுதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். எங்க பாத்தேன்னு கேட்டா சிரிக்கிறான்” என்றார். அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அப்போது நூற்றிருபது பாட்டு பாக்கி.

பெனிட்டா ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள். இதற்கும் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒருநாள் அலெக்ஸுக்கு லைன் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரில் பேசிக்கொள்வதைப் பற்றி ஃபோனில் பேச்செடுக்காதீர்கள், அண்ணனுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று முன்பே எழுதியிருந்தேன். அவர் அதை மதித்திருக்கிறார்.

“அண்ணே, அவர் பேசுனாரு” என்றாள்.

“என்னவாம்?”

“அப்பா சைக்கிள்ல முன்னாடி உக்காந்து போவேன்ல, மணி அடிக்கிற வேலை என்னோடதுன்னு. அதை அவரே சொல்றாருண்ணே. நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.”

“ஒரு குத்துமதிப்பா சொல்லியிருப்பாரு.”

“போண்ணே. உனக்கு மோடத்தைத் தவிர என்ன தெரியும்? கேக்காமலே என்னைய ஒருத்தருக்குத் தெரியுது. அம்மாகிட்ட சரின்னு சொல்லிரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஃபோன் பேச்சு பதினெட்டு நிமிடம் என்றாள். அத்தனை நேரமும் லைன் வீண்.

இன்று காலை அலெக்ஸ் ஒரு கேள்வி கேட்டார். ‘வியாழக்கிழமை ஃபிளைட் ஏறுறேன். அதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லணும்னு ஏதாச்சும் இருக்கா?’

முந்நூற்று முப்பத்து நான்காவது பாட்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் கணினியை அணைத்துவிடுவார் என்பது என் கணிப்பு. ‘இருக்கு. கொஞ்சம் பெருசு. போயிராதீக, எழுதுறேன்’ என்று அனுப்பினேன். அவர் அங்கே காத்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, அலெக்ஸ் விரும்பிய பெனிட்டா நான். பெனிட்டா நம்பிய அலெக்ஸும், பாதிக்கு மேல், நான்தான். தடை என்று ஒன்று உண்டென்றால் இதுதான். என் தங்கையின் வாழ்க்கை பொய்யில் தொடங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதனால் வியாழக்கிழமை, அவர் விமானம் ஏறியதும், இதைக் கட்டாயம் உங்கள் கையில் தந்துவிடுவேன்.

பாட்டு இறங்கிவிட்டது. ‘ஒண்ணுமில்ல, சும்மாதான்’ என்று அவருக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் ஆறுதான். அவர் தூங்கப் போகிறேன் என்கிறார்.

‘அதுக்குள்ளயா?’ என்று கேட்டிருக்கிறேன்.