வடித்த தண்ணீர்

— உள்ள வாங்க மதினி. வாசல்ல நின்னா சாரல் அடிக்கும். நனைஞ்சிட்டுப் பொறவு அதுவும் என்னாலதாம்பீய.

— குத்தாதட்டி வள்ளி. குத்து வாங்கத்தான் வந்திருக்கேன். இந்தா, இந்தப் பையப் பிடி. பாவூர்சத்திரம் காயி. இன்னைக்குக் காலையில இறங்கினது.

— எனக்கு எதுக்குக் காயி? ஒத்த ஆளு. ஒரு கத்திரிக்காய வச்சு ரெண்டு நாளு ஓட்டுதேன்.

— உனக்கில்ல, என் மவன் சங்கருக்கு. நீ உன் கையால ஒருக்கா ஆக்கிக் காட்டு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுதேன்.

— என்னத்த ஆக்கிக் காட்டணும்?

— என் தம்பிக்கு நீ ஆக்கிப் போட்டியே, அந்தச் சமையல.

— எது, அவுகளுக்கு உப்பில்லாமப் போட்டுக் கொன்னேனே, அதுவா?

— நீ அதத்தான் சொல்லுவன்னு தெரியும்.

— நான் சொல்லல மதினி. நீங்க சொன்னது. அவுகளக் குளிப்பாட்டி நடுவீட்டுல கெடத்தியிருக்கு. குத்துக்கல்வலசை சனம் பூராவும் நிக்கி. நீங்க மாரடிச்சிக்கிட்டுச் சொன்னீய, 'சிங்கம் மாதிரி இருந்த என் தம்பிய அவிச்ச காயப் போட்டே கொன்னுட்டாளே'ன்னு. பதினாலு மாசம் ஆச்சு. இன்னைக்கும் ரேஷன் கடையில நின்னா ஒருத்தி இன்னொருத்தி காதுல போயி விழுதா.

— செத்த வீட்டுல வாயில வாரத எல்லாம் பிடிச்சு வச்சுக்கிடுவாங்களாட்டி?

— உங்க வாயில வந்துட்டுப் போயிருச்சு. எனக்கு அதுதான் இப்பம் பேரு. சரி, சங்கருக்கு என்ன?

— கால் வீங்குச்சு. பூட்ஸ் போட முடியலம்மான்னான். பந்தோபஸ்து பந்தோபஸ்துன்னு நின்னுக்கிட்டே கெடக்கான்லா, அதனாலன்னு நெனச்சேன். போன வாரம் போலீஸ்காரங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்திருக்காங்க. பிரஷர் நூத்தி எழுபது. கிரியாட்டினின் மூணு புள்ளி எட்டு. மாமனுக்கு வந்த அதே கிட்னிக் கேடு.

— மூணு எட்டா? அவனுக்கு என்ன வயசாச்சு!

— முப்பத்தி மூணு. தென்காசி டாக்டரு சொல்லுதாரு, 'மாத்திரை எழுதித் தாரேன், ஆனா மாத்திரையில தொடங்காதீங்க, அடுப்படியில தொடங்குங்க. இல்லாட்டா ரெண்டு வருசத்துல டயாலிசிஸ் மிஷின்'னு. ஒரு தாளு குடுத்தாரு. எழுத்துக்கூட்டி வாசிச்சுப் பாத்தேன். எத விடணும்னு போட்டிருக்கு, எப்படி ஆக்கணும்னு போடல. அவன் பொண்டாட்டி பிள்ளையப் பெத்துட்டு அவ அம்மை வீட்டுல இருக்கா. நான் யாருகிட்டப் போவேன்?

— என் சமையலப் பத்திதான் ஊரு பூரா சொன்னீயளே. மாட்டுக்கு வைக்க தவிட்டுல இருக்க ருசி கூட இல்லன்னு.

— சொன்னேன், இல்லங்கல. ஆனா அதத் தின்னுதான் என் தம்பிக்கு வீங்குன காலு வத்துச்சு. அதையும் என் கண்ணு பாத்துச்சுல்லா?

— பாத்தீயளா? ஒருநாளு கூடச் சொல்லலியே.

— எங்கன சொல்ல? நீதான் என்கூடப் பேசமாட்டியே.

— நானா பேசமாட்டேன்? ஆடி மாசக் கோயில் கொடையில இருந்து மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனது யாரு?

— எப்படித் திருப்பாம இருக்க? கொடைக்கு வந்த அத்தன சனத்துக்கு முன்னால, கூடப்பொறந்தவனுக்கு நான் வச்ச எலைய, சோறும் கறியுமா ஆவி பறக்க எலைய, சரக்குனு இழுத்துட்டுப் போனியே. பசிச்சவன் கை எலையில இருக்கு. நாய்க்குக் கூட அப்படிச் செய்ய மாட்டாங்கட்டி.

— கெடாக்கறி மதினி. அதுல எம்புட்டு உப்பு, எம்புட்டு எண்ணெ! நூத்தி எம்பது இருந்த பிரஷர நூத்தி முப்பதுக்குக் கொண்டாந்து வச்சிருந்தேன். சாப்பாட்ட மாத்துன மூணாவது மாசம். மிஷினுக்கு நாள் குறிச்ச டாக்டரே, 'இப்பம் வேண்டாம், இன்னும் தள்ளிப் பாப்போம்'னாரு. பழைய குத்தாலத்துல அத்தன படியும் மூச்சு வாங்காம ஏறிப் போயிக் குளிச்சிட்டு வந்தாக. அந்தச் சந்தோசத்த ஒரு எலையில கொண்டுபோயிப் போடச் சொல்லுதீயளா?

— காதுக்குள்ள வந்து சொல்லியிருக்கலாம்லா? மதினி, இது இன்னதுக்கு ஆகாதுன்னு?

— சொன்னாக் கேட்டிருப்பீயளாக்கும்.

— கேட்டிருக்க மாட்டேன். சண்ட போட்டிருப்பேன். சண்டையிலயாவது பேச்சு இருந்திருக்கும்.

— இப்பம் சொல்லுங்க, நல்லா.

— ஏட்டி, எனக்காக வேண்டாம். நான் நாக்குல நரம்பு இல்லாதவ. அவனுக்காகக் காட்டு. மாமனத் தூக்கிட்டுப் போன நாலு பேருல அவனும் ஒருத்தன்.

— அவனுக்காகத்தான் மதினி. எல்லாரும் போன பொறவு, 'அத்தை, சாப்பிட்டீங்களா'ன்னு போன் பண்ணிக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். பையக் கவுத்துங்க, பாப்போம். இளநி எதுக்கு? எடுத்து வைங்க அங்கிட்டு.

— இளநியா ஆகாது? சூட்டத் தணிக்கும்ட்டி.

— ஆகாது. வாழப்பழமும் ஆகாது. முருங்கக்கீரையும் ஆகாது. உருளைக்கெழங்க அடுப்படிக்கே கொண்டாராதீங்க.

— கீரையுமா? சவத்த, பொறவு எதத்தான் திங்க? ஊரே சத்து சத்துன்னு அதத்தான் சொல்லுது.

— ஊருக்குச் சத்து. இவனுக்கு இல்ல.

— ஏன் இல்ல?

— இல்லன்னா இல்ல மதினி.

— பாத்தியா? நீ இப்படித்தான். காரணம் சொல்லமாட்ட. எலைய மட்டும் இழுப்ப.

— சொல்லுதேன், மொதல்ல செய்முறையப் பாருங்க. இந்தா, இந்தச் சொரக்காயும் அவரக்காயும் போதும். சின்னச் சின்னதா, நான் அரியுத மாதிரி அரியணும். இன்னும் சின்னதா. வெதுவெதுப்பா நெறைய தண்ணி ஊத்தி ரெண்டு மணி நேரம் ஊறப் போடணும். அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, வேற தண்ணி, காய மாதிரி பத்து மடங்கு தண்ணி, ஊத்திக் கொதிக்க விடணும். வெந்ததும் அதையும் வடிச்சிரணும். பொறவு தாளிக்கது. கடுகு, பூண்டு, வத்தல் கிள்ளிப் போடலாம். உப்பு விரல் நுனிக்கு.

— காய ஆக்குதியா, துணி அலசுதியா?

— அவுகளும் அதத்தான் கேப்பாக. 'வள்ளி, இன்னைக்கு எத்தன தண்ணி அலசுன?'ம்பாக. மார்க்கெட்டுல இருந்து ஊருக்கெல்லாம் லாரி லாரியா காயி ஏத்திவிட்ட மனுசன். அவுக தின்னது பரோட்டாவும் சால்னாவும். கடைசியில நாலு துண்டு அவரக்காய நான் அளந்து வைப்பேன், ஒண்ணும் சொல்லாமத் திம்பாக.

— ஒண்ணு சொல்லட்டா? கோவப்படாத. எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேன். அந்தத் தண்ணியக் கொட்டுதியே, அது ஒண்ணுதாம்ட்டி எனக்கு மனசு ஒப்பல. காயில இருக்க சத்து பூரா அதுலல்லா இறங்கிருக்கு? நீ சக்கையத்தான தட்டுல வைக்க?

— கொட்டத்தான் மதினி வேணும்.

— நீ கொட்டுன. நான் கொட்ட விடலியே.

— அப்படின்னா?

— ஏன், தெரியாதா? என் தம்பி சொல்லலியா உங்கிட்ட? மத்தியானம் வடிச்ச தண்ணிப் பானையத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு, எம் மாட்டுத்தொட்டிக்கு வருவான்லா. எம் மாடு அந்தத் தண்ணியக் குடிச்சே மினுமினுன்னு ஆயிருச்சு. வாயில்லாச் சீவனுக்கு இப்படி ஒட்டுதுன்னா மனுசனுக்கு ஒட்டாதான்னு தோணுச்சு. 'ஏலே, கொண்டா இங்கன'ன்னு வாங்கி, வடிகட்டி, பாதியாச் சுண்டவிட்டு, நாலு மொளகு, சீரகம், ரெண்டு பல்லு பூண்டு தட்டிப் போட்டு, சூப்பு மாதிரி சுடச்சுடக் குடுப்பேன். உப்புப் போட மாட்டேம்ட்டி! உன் பேச்ச அந்த மட்டுக்கும் மீறல. ஒரு கல்லு உப்புப் போட்டிருந்தா என் கை அழுகிப் போகும்.

— எப்பத்துல இருந்து?

— ஐப்பசி மழைக்குத் தொடங்கினது. கடைசி வரைக்கும்.

— தெனமுமா?

— தெனமுந்தான். ரெண்டு டம்ளரு. நான் அடுப்படி நடையில உக்காந்திருப்பேன், அவன் மாட்டுக்கொட்டாய் கல்லுல. குடிச்சிட்டு என் மொகத்தையே பாப்பான். 'இப்பம் சந்தோசமாக்கா?'ம்பான். ஏட்டி, என்ன, அருவாமனைய அப்படியே தள்ளிட்ட? கை வெட்டிருச்சா?

— இல்ல. வெட்டல. அரிஞ்சது போதும். நீங்க வீட்டுக்குப் போங்க மதினி. நான் சங்கருக்கு ஆக்கி நானே கொண்டாந்து குடுக்கேன், தெனமும்.

— அவன் மேலகரத்துல இருக்கான், நானும் இப்பம் அங்கனதான். தெனமும் நீ பஸ்ல ஏறி வருவியா? பெத்தவ நான் எதுக்கு இருக்கேன்?

— வருவேன். தண்ணிய இங்கனயே கொட்டிட்டு வருவேன்.

— திரும்பத் தண்ணியிலயே வந்து நிக்க! காரணத்தச் சொல்லுட்டி. சொல்லாட்டா, சத்தியமாச் சொல்லுதேன், அவனுக்கும் நான் மொளகு தட்டிப் போட்டுக் குடுக்கத்தான் செய்வேன். என் தம்பிக்குக் குடுத்ததுல என்ன கெட்டுப் போச்சு?

— மதினி.

— என்ன?

— காயில ஒரு உப்பு இருக்கு. நாக்குக்குத் தெரியாது. பொட்டாசியம்பாங்க. நமக்கு அது நல்லது. தேவைக்கு மேல போனா கிட்னி வெளிய தள்ளிரும். கிட்னி கெட்டவங்களுக்குத் தள்ளாது, ரத்தத்துலயே நிக்கும். கூடிப்போனா நெஞ்சு நின்னுரும். முன்கூட்டி வலி, கிலி ஒண்ணும் இருக்காது. தண்ணியில ஊறவச்சு, கொதிக்க வச்சா அது காயில இருந்து தண்ணிக்குள்ள இறங்கும். அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில சாப்பாட்டுக்குன்னு இருக்க டாக்டரம்மா கொட்டச் சொன்னது.

— நெஞ்சு நின்னுருமா?

— ஐப்பசிக்குப் பொறவு மாசா மாசம் ரத்தத்துல அது ஏறிக்கிட்டே வந்துச்சு. டாக்டரு மருந்த மாத்துனாரு. எனக்குப் புரியல. நான் இன்னும் ரெண்டு தண்ணி கூட்டிக் கொதிக்க வச்சேன். காயில அது இருக்கவே கூடாதுன்னு. நான் வடிக்க வடிக்க, நீங்க அங்கன சுண்டவச்சிருக்கீய.

— ஏட்டி.

— அவுக போன அன்னைக்கு ஆஸ்பத்திரில, ரத்தத்துல அது ஏழு புள்ளி ஒம்பதுன்னாங்க. அஞ்சரைக்குள்ள இருக்கணுமாம். 'என்னம்மா குடுத்தீங்க?'ன்னு டாக்டரு கேட்டாரு. என் கைச் சோத்தத் தவிர வேற ஒண்ணும் உள்ள போகலன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். பதினாலு மாசமா ராவும் பகலும் அதத்தான் யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன். மொத நாளு ஊறவச்சது ஒன்ற மணி நேரந்தானோ, அவசரத்துல அலசாம விட்டுட்டனோ, ஊரு சொல்லுதது மெய்தானோன்னு.

— அப்பம் நாந்தானாட்டி? வள்ளி, சொல்லு. நாந்தானா?

— நான் சொல்லாம இருந்திருப்பேன் மதினி. நெசமாவே உங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு, வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன். நீங்கதான் சங்கருக்குக் குடுப்பேன்னீய.

— ஐயோ, மூணு வயசுல இருந்து இடுப்புல தூக்கிச் சொமந்த பிள்ளட்டி. நான் ஊட்டாம அவன் ஒரு வாய் தின்னது கெடையாது. நான் எப்படிட்டி... அன்னைக்கு ஏன்ட்டி என்கிட்டச் சொல்லல? செவுத்துக்கு அங்கிட்டுத்தான் நான் இருந்தேன். ஒரு சத்தம் குடுத்தா கேக்கும்.

— உங்ககூடப் பேச்சு இல்லயே மதினி. நான் ஏன் மொதல்ல பேசணும்னு இருந்துட்டேன். சூப்பு குடுக்கேன்னு நீங்களும் ஒரு வார்த்த சொல்லல.

— எப்படிச் சொல்லுவேன்? சொன்னா டம்ளரப் பிடுங்கிருவன்னுல்லா ஒளிச்சுக் குடுத்தேன்.

— பிடுங்கியிருப்பேன்.

— பிடுங்கியிருக்கலாம்லா!

— அழுங்க மதினி. இங்கனயே உக்காந்து அழுங்க. வெளிய போயி அழாதீங்க, எதுக்குன்னு கேப்பாங்க.

— அவன் பாவம்ட்டி. ஒண்ணும் அறியாதவன். அக்கா குடுத்தா அமுதுன்னு குடிச்சான். அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா டம்ளரத் தொட்டிருப்பானா? என்கிட்டத்தான் பேச்சில்ல, அவன்கிட்டயாவது நீ சொல்லியிருக்கலாமே வள்ளி. அந்தச் சாப்பாட்டு டாக்டரம்மா உங்கிட்டச் சொன்னத, வந்து அவன் காதுல ஒரு வார்த்த...

— டாக்டரம்மா எங்கிட்டச் சொல்லல மதினி. நான் அந்த ரூமுக்குள்ளயே போகல, மாத்திரை வாங்குத வரிசையில நின்னேன். உள்ள போனது உங்க தம்பிதான். காயி வடிச்ச தண்ணி உள்ள போனா நெஞ்சு நின்னுரும், மறக்காமக் கொட்டிரு வள்ளின்னு வெளிய வந்து எனக்குச் சொன்னதே அவுகதான்.