ஈறு தெரியாத சிரிப்பு

எங்கள் வீட்டில் யாருக்கும் சொத்தைப் பல் கிடையாது. அப்பா சாகும்வரை கரும்பைப் பல்லால் உரித்துத் தின்றவர். அதனால், ஓசூரில் தெருவுக்குத் தெரு பல் ஆஸ்பத்திரி முளைத்தபோது, அங்கே போய் உட்காருகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றுக்கு இருக்கிறதோ இல்லையோ, செல்ஃபிக்குப் பல் வரிசையாக இருக்க வேண்டும் அவர்களுக்கு.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் திருமலை. சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பாகம் உள்ளே எப்படி இருக்கிறது என்பது வேறு, வாங்குகிறவன் எதைப் பார்ப்பான் என்பது வேறு. அங்கே நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

என் தங்கை அருணாவுக்குச் சிறுவயதிலேயே இதயத்தில் கோளாறு. பெங்களூரில் ஆபரேஷன் செய்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம். பெண்ணைப் பெற்ற வீட்டில் எல்லோரும் செய்வதுதான். வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். கிழமை எழுதிய டப்பாவில் வாராவாரம் மாத்திரையை நிரப்பி வைப்பது நான்தான். அம்மாவுக்கு இதிலெல்லாம் பங்கில்லை.

வேப்பனப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாந்தோப்பு வைத்திருக்கிறவர்கள். மாப்பிள்ளை விஜயகுமார் போனை விட்டுத் தலை நிமிரவில்லை. அவன் அம்மா பஜ்ஜியை மென்றபடி சொன்னாள்:

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கறா. சிரிச்சாத்தான் ஒரே ஈறா தெரியுது. ஓசூர்ல நம்ம ரூபா வேலை செய்யற ஆஸ்பத்திரில அதை லேசர்ல வெட்டிச் சரி பண்றாங்களாம். பண்ணிட்டீங்கன்னா நிச்சயத்த வெச்சுக்கலாம்."

சொன்னவளுக்கு வாய் முழுக்க வெற்றிலைக் காவி. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. ஆனாலும் நான் சரி என்றேன். தங்கை வீட்டில் இருக்கும்வரை அண்ணனுக்குப் பெண் கொடுக்க யாரும் வருவதில்லை. எனக்கும் முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. அது வேறு விஷயம், நான் அதற்காகச் செய்யவில்லை.

ரூபா மாப்பிள்ளைக்கு அத்தை மகள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள். அங்கேயே போனோம். டாக்டர் கௌதம் கம்ப்யூட்டரில் யார் யாருடைய ஈற்றையோ வெட்டுவதற்கு முன், வெட்டியதற்குப் பின் என்று காட்டிக்கொண்டிருந்தார். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடித்தவன்கூட அவ்வளவு பெருமைப்பட மாட்டான். பிறகு, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ரூபா பக்கத்திலேயே நின்றாள். அருணா என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க சார். தலைவலின்னாகூட ஒண்ணும் போட மாட்டா" என்றேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நான் அத்தனை சொல்லவில்லை. மறுவாரம் வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அருணா மெல்லக் கேட்டாள். "ஏண்ணா சொல்லல? ரத்தம் நிக்கலன்னா என்னண்ணா பண்றது?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொள்ளவும் செய்தேன். மாத்திரை உள்ளே இருந்தால் ரத்தம் நிற்காது, நிற்காவிட்டால் ரூபா கேட்பாள், ரூபா கேட்டால் வேப்பனப்பள்ளி முழுக்கத் தெரியும். நிறுத்து என்று சொன்னால் அருணா கேட்க மாட்டாள், உயிர் மேல் அவளுக்கு ஆசை அதிகம். அதனால் அதே அளவில், அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை வாங்கி டப்பாவில் போட்டேன். அவள் தினமும் சாமி கும்பிட்டுவிட்டு அதைச் சாப்பிட்டாள்.

ஈற்றை வெட்டியது நன்றாகவே முடிந்தது. இவ்வளவு கொஞ்சமாக ரத்தம் வந்து பார்த்ததில்லை என்று கௌதம் சொன்னார்.

உடனே பழைய மாத்திரையை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். புண் ஆறிக்கொண்டிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று சபையில் பல்லெல்லாம் ரத்தமாக நின்றால் யார் பதில் சொல்வது? அது முடியட்டும் என்று இருந்தேன்.

அந்த உலோக வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு மேடம். வீடு அமைதியாக இருந்தால் சுவர்க் கடிகாரம் மாதிரிக் கேட்கும். முதலிரவில் மாப்பிள்ளை காதில் அது விழுமே என்பது எனக்குப் பெரிய கவலை. நிச்சயத்துக்கு நாலைந்து நாள் முன்னால் அருணா சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, நெஞ்சுல சத்தமே சரியாக் கேக்கலண்ணா. மூச்சும் வாங்குது. பெங்களூர் போயி ஒரு வாட்டி காட்டிட்டு வந்துரலாமா?"

சத்தம் குறைந்தால் ஆபத்து என்றும் அந்தப் பெங்களூர் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது நிம்மதிதான் வந்தது. நிச்சயம் முடியட்டும் என்றேன்.

நிச்சயத்தன்று பட்டுப்புடவையில் அழகாகத்தான் இருந்தாள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள். இடது பக்கம் மட்டும் ஏறியது, வலது பக்கம் அப்படியே தொங்கியது. ஏன் கோணலாகச் சிரிக்கிறாள் என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. வெட்கம் என்று சொல்லி, இன்னொரு போட்டோ எடுக்கச் சொன்னேன். அதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், இதயக் கோளாறு உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று. எனக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். ஒன்றும் இல்லை என்றேன். பிறகு நர்ஸ் ரவிக்கையைத் தளர்த்தி, நெஞ்சுத் தழும்பைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்துவிட்டாள். நான் தலைகுனிந்தது அப்போது மட்டும்தான். அதற்குள் நேரம் கடந்துவிட்டது என்கிறார் டாக்டர். அருணாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

டப்பாவில் மாத்திரையை மாற்றியவன் நான். என்ன ஆகும் என்று தெரிந்தே மாற்றினேன். அவள் மூச்சு வாங்குகிறது என்று சொன்ன பிறகும் அப்படியே விட்டேன். இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நேற்றுவரை தினமும் போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் செய்தேன் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.