ஏறாத கலங்கரை விளக்கம்

– ஏன் தம்பி, கலங்கரை விளக்கத்துக்குன்னு எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க. நீங்க கைடுன்னு பேரு, என்னை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிட்டு வர்றீங்க?

– காலை வெயில்ல கோட்டைச் சுவரை இங்கேருந்துதான் சார் பாக்கணும். கையை வெச்சுப் பாருங்க... ராத்திரிக் குளிர் இன்னும் கல்லுக்குள்ள இருக்கு.

– அட, ஆமா... இத்தனை காலம் அலை அடிச்சும் ஒரு கல் அசையலையே.

– சிப்பியைச் சுட்டு அரைச்ச சுண்ணாம்பு சார். அந்தா, அரைபடாம தப்பிச்ச சிப்பி ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு பாருங்க.

– எமகாதகனுங்கய்யா. சரி, கலங்கரை விளக்கம் எப்போ?

– போலாம் சார். முதல்ல இந்தக் கப்பல்காரங்க தெரு. ஜன்னல் சட்டமெல்லாம் உடைஞ்ச கப்பல் மரம். இந்தக் கதவுல கயிறு உரசின தடம்கூட அப்படியே இருக்கு.

– ஊரையே சுருட்டிப் பையில வெச்சுக்கலாம் போல இருக்கே... உங்க வீடு எங்க?

– இதே தெருதான். அம்மாவும் நானும்.

– கல்யாணம்?

– எனக்கும் சம்மதம், பொண்ணுக்கும் சம்மதம். பொண்ணோட அப்பாதான்... ஊர் சுத்திக் காட்டுறவனுக்கா என் பொண்ணுன்னு யோசிக்கிறாராம்.

– பெத்தவரு, யோசிக்கத்தானே செய்வாரு... ஆள் எப்படியாம்?

– தங்கமான மனுஷனாம். ஆனா எதையும் நேர்ல பாத்தாத்தான் நம்புவாராம். மீன் வாங்கினாக்கூட செவுளைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் பையைத் திறப்பாராம்.

– அதுல என்ன தப்பு?

– தப்பே இல்லை சார். இந்த மேடையில உக்காருங்க, படகெல்லாம் திரும்புற நேரம். டீ சொல்லிட்டேன், சர்க்கரை இல்லாம.

– நான் எப்போ சர்க்கரை வேண்டாம்னேன்?

– வயசானவங்களுக்கு... வழக்கமா அப்படித்தான் சார்.

– யாருக்கு வயசாச்சு?

– அங்க பாருங்க சார், வந்துட்டாங்க. போகும்போது ஆளுக்கொரு திசை, வரும்போது ஒரே வரிசை.

– அப்பப்பா... கடல் முழுக்கப் பாய். இதுக்காகவே வந்திருக்கலாம். ஆனா தம்பி, மனசுல பட்டதைச் சொல்லிடுறேன். ஊரை உள்ளங்கையில வெச்சிருக்கீங்க, சந்தோஷம். கலங்கரை விளக்கம்னு கேக்கும்போதெல்லாம் நழுவுறீங்க. வேலைக்கு வளையாதவனை எந்த அப்பன் நம்புவான்?

– அது வந்து சார்...

– மழுப்பாதீங்க. சோம்பல்தானே?

– செங்குத்தான சுருள் படி சார். பிடிச்சுக்கக் கம்பி ஒரு பக்கம்தான். போன மாசம் முட்டியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரை எப்படி ஏத்துவேன்? "அப்பா யாரோ மாதிரி வருவாரு, வலிச்சாலும் வாயைத் திறக்க மாட்டாரு, பாத்துக்கோ"ன்னு உங்க பொண்ணு நேத்தே போன்ல சொல்லிட்டாங்க.

– ...இன்னொரு டீ சொல்லுங்க மாப்பிள்ளை. சர்க்கரை போட்டு. இதை மட்டும் அவளுக்குப் போன்ல சொல்லிடாதீங்க.