நானே ட்யூன் செய்த எஞ்சின்

கார் எஞ்சினை ட்யூன் செய்ய யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் சார். காது நன்றாகக் கேட்க வேண்டும், கை அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். பழைய வண்டியின் கார்புரேட்டரில், பெட்ரோலையும் காற்றையும் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். அதை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் உதறல் நின்று சத்தம் சீராகிவிடும். அந்த இடத்தை முதன்முதலில் பிடித்த அன்று நான் சாப்பிடக்கூட வீட்டுக்குள் போகவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மெக்கானிக் தங்கச்சாமியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். என் மனைவி யோகலட்சுமி இறந்து கிடந்த காரில் கடைசியாக வேலை பார்த்தவர் அவர்தான் என்று அவளுடைய அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தவறு. அந்த எஞ்சினில் இருந்தது முழுக்க என் வேலை.

கார் என் அப்பாவுடையது. அவர் இருந்தவரை அமராவதிபுதூர் ரோட்டில் உள்ள தங்கச்சாமியின் ஷெட்டில்தான் விடுவார். அவருக்குப் பிறகு நான் ஸ்பேனர் செட் வாங்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். யோகலட்சுமி கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். தினமும் வண்டியை எடுத்துப் போகிறவள் அவள்தான்.

அவள் அண்ணன் வீட்டுப் பால்காய்ப்பு அன்று, பந்தல் முன்னால் போய் வண்டி நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இறங்கி வந்து தள்ளினார்கள். "இவுக கை வச்சதுல இருந்து இதுக்கு நோவு வந்துருச்சு," என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் கழற்றினேன். எஞ்சினிலிருந்து புகைக் குழாய் தொடங்கும் இடத்தில், புகை கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் கேஸ்கட் கிழிந்திருந்தது. ஷீட் வாங்கி நானே வெட்டிப் போட்டேன். அதற்குப் பிறகு எஞ்சின் அவ்வளவு சுகமாக ஓடியது.

ஆனால் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படுத்துவிடுவாள். எங்கள் மகள் அபி ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கியதும் வாந்தி எடுத்தாள்.

"ஏங்க, வண்டில ஏறுனாலே தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. தங்கச்சாமி அண்ணன்ட்ட ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்."

வெயில் என்று சொன்னேன்.

பிறகு ஒருநாள் பெட்ரோல் பங்கில் தங்கச்சாமியே எதிரில் வந்தார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், முன்சீட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"அண்ணே, புகை உள்ள ஏறுது. கண்ணாடிய ஏத்திட்டு, ஏசியப் போட்டு ஓட்டாதீக. அது ஆளைத் தூங்க வச்சே கொன்னுரும். இப்பவே இங்குட்டு ஷெட்டுக்குக் கொண்டாங்க, பார்த்துத் தாறேன்."

சரி என்றேன். போகவில்லை. அன்றிலிருந்து நான் ஓட்டும்போது கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டேன். யோகலட்சுமியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அண்ணனிடம் சொல்வாள். மறுபடியும் சிரிப்பார்கள்.

அன்று காலையிலிருந்து நல்ல மழை. அவளுக்குச் சிவகங்கையில் ஒரு வேலை. அம்மாவோடு போய்ச் சுடிதார் எடுக்க வேண்டும் என்று அபியும் கிளம்பியிருந்தாள். வண்டியைத் தங்கச்சாமி ஷெட்டில் விட்டுவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில் போகப்போவதாக யோகலட்சுமி சொன்னாள். நான் தேவையில்லை என்றேன். நேற்றுத்தான் அவரிடம் விட்டு எடுத்தேன், எல்லாம் பார்த்துவிட்டார், இனித் தலை வலிக்காது என்றேன்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா சார். வண்டியை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டாள்.

"பாருங்க, சத்தமே மாறிருச்சு. தொழில் தெரிஞ்சவுக கை வச்சா தனிதான். இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமுல்ல?"

அப்போதே அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னாள். தங்கச்சாமி பெயர் உங்களிடம் வந்தது அப்படித்தான்.

அவள் கேட்டது நான் வைத்த சத்தம். நேற்று இருந்த அதே எஞ்சின். ஆகவே தலைவலி எஞ்சினில் இல்லை, அவள் மனத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. சாயங்காலம் வலியில்லாமல் திரும்பி வருவாள். அப்போது, தங்கச்சாமி இதைத் தொடவே இல்லை என்று சொல்லலாம் என இருந்தேன். என்ன சொல்வாள் என்று பகலெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியில் மழை கண்ணை மறைத்திருக்கிறது. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல், மழை விடட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். தூங்குகிற மாதிரிதான் இருந்தாளாம். அப்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். நான் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். உதறல் எதுவும் இல்லை என்றார்.

அபி உயிரோடு இருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று காலை அவள் முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுவிட்டாள். நான் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, கையைப் பிடித்து இறக்கினேன். பரீட்சைக்குப் படி என்றேன்.

"இன்னைக்கு ஒருநாள் வரட்டுமே, பாவம்," என்றாள் யோகலட்சுமி. முடியாது என்றேன். அபி அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினாள்.

ஓட்டுபவர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. சாரல் அடித்து அவள் புடவை நனைந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொள் என்றேன். நான் சொன்னபடியே ஏற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தங்கச்சாமியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் மனப்பூர்வமாக நம்பித்தான் அனுப்பினேன் சார்.