கம்பத்தில் என்னை முந்திய பல் மருத்துவர்

எங்கள் கம்ப நடனக் குழுவின் தலைவர், லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், இன்று யாருமே உட்கார விரும்பாத நாற்காலியில் அமர்ந்திருக்கும் டாக்டரின் கணவர் ஐயா அவர்களே! கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் நர்ஸ் அம்மா அவர்களே! வாரத்தில் மூன்று நாள் என்னோடு ஏறி, வழுக்கி, மறுபடியும் ஏறும் தோழர்களே! உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரை நிற்கும் பெரியோர்களே! அனைவருக்கும் வணக்கம்.

படிக்கட்டு வரை நிற்கிறீர்கள். பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அண்ணன் நூற்றிருபது நாற்காலி போட்டார், போதவில்லை. ஒரு பல் மருத்துவருக்கா இவ்வளவு கூட்டம்? உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருக்கிறார், பல்லைப் பிடுங்கியிருக்கிறார், இனிப்பைத் தொடாதே என்று திட்டியிருக்கிறார். நானும் முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் வலிக்கச் செய்ததில்லை. நான் போனால் முன்வரிசையாவது நிறையுமா?

இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. இந்த வயிற்றெரிச்சலைப் பற்றிப் பேசத்தான் நான் மேடை ஏறியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் டாக்டர் கம்பத்திலிருந்து விழுந்து இறக்கவில்லை. வெளியே அப்படி ஒரு பேச்சு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. கம்பம் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுதல் செய்தது யார் என்று பிறகு சொல்கிறேன்.

அவரிடம் பல் காட்டியதோடு சரி என்று இருக்கும் நண்பர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சி அறை ஓர் அச்சகத்தின் மேல் மாடியில் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை மூன்று எஃகுக் கம்பங்கள். அண்ணன் தன் கையால் உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, போல்ட் முடுக்கி நிறுத்தியவை. ஒன்று அசையாமல் நிற்கும். மற்ற இரண்டும் நாம் பிடித்ததும் நம்மோடு சேர்ந்து சுழலும். கீழே கனமான மெத்தைகள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஏறுகிறோமே என்று சிலருக்குக் கூச்சம். கம்பம் துணியைப் பிடிக்காது, தோலைத்தான் பிடிக்கும். அதனால் தொடையெல்லாம் எங்களுக்கு நீலம் பாய்ந்திருக்கும். பள்ளி பஸ் ஓட்டும் எங்கள் தங்கச்சி ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனபோது, அங்கிருந்த வேறொரு டாக்டர் காலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம், "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா? தைரியமா சொல்லு." அவள் சொன்னாள், "வீட்ல ஒண்ணுமில்ல சார். கம்பத்துலதான் பிரச்சனை."

இந்தக் குழுவை ஆரம்பித்தது யார்? அண்ணனும் நானும். பதினோரு வருடம் ஆகிறது. ஒன்பது வருடத்துக்கு முன் டாக்டரை அழைத்து வந்தது யார்? அதுவும் நான்தான். அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். கழுத்து வலி உயிர் போகிறது, குனிந்து குனிந்தே என் காலம் போய்விடும் என்று தன் பாட்டுக்குப் புலம்பினார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டே நான் சொன்னேன், "எங்க கம்பத்துக்கு வாங்க டாக்டர்." அவருக்கு அது புரிந்ததே என் விதி.

வந்தார். நான் எட்டு மாதம் திணறி ஏறிய உயரத்தை மூன்றாவது வாரம் தொட்டார். ஆறாவது வாரம் முழங்காலைக் கம்பத்தில் மடக்கி, இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்கினார். மேலே போனால் ஒட்டிக்கொள்கிறாரே என்று பிள்ளைகள் அவருக்குப் பல்லி என்று பெயர் வைத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஒன்றும் வைக்கவில்லை.

அவர் செய்ததை இல்லை என்று சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். மேல் மாடியில் அசிங்கம் நடக்கிறது என்று யாரோ கட்டிட உரிமையாளரிடம் வத்தி வைத்தபோது, அறையைக் காலி செய்யச் சொல்லி அவர் வந்து நின்றார். நான் சட்டம் பேசினேன். டாக்டர் சட்டம் பேசவில்லை. "உள்ள வாங்க சார். ஒரு பத்து செகண்டு மட்டும் தொங்கிட்டு, அப்புறம் எது வேணா சொல்லுங்க" என்றார். உரிமையாளர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். மூன்று செகண்டு. சட்டைப் பொத்தான் தெறித்ததுதான் மிச்சம். காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று. அவர் மனைவி இப்போது சனிக்கிழமை வகுப்பில் இருக்கிறார்.

உடம்பு பெருத்தவர்கள் வரலாம் என்றது டாக்டர். அறுபது வயதுக்காரர் வரலாம் என்றது டாக்டர். கிளினிக்கிலிருந்து ஸ்பிரிட் பாட்டில் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் இறங்கியதும் அடுத்தவருக்காகக் கம்பத்தைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பழக்கியவர் டாக்டர். மேலே ஒருவர் இருந்தால் கீழே ஒருவர் கையை ஏந்தி நிற்க வேண்டும் என்று விதி போட்டவரும் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் கைதட்டினீர்கள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நான் வீட்டுக்குப் போய்ப் பொருமினேன். முதன்மைப் பயிற்றுநராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் கையைத் தூக்கியவள் நான். அந்தக் கை எவ்வளவு கனத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பெரியோர்களே, இனிச் சொல்லப்போவதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன், எங்கள் ஆண்டு நிகழ்ச்சி. கடைசி ஆட்டத்தை யார் ஆடுவது என்று பேச்சு வந்தது. டாக்டர்தான் என்று ஒரே குரலில் சொன்னீர்கள். நான் ஆரம்பித்த குழு. நான் கூட்டிவந்த ஆள். என் பக்கம் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பு ஒத்திகை. வகுப்பு நாளில் கைக்கு க்ரீம் பூசக் கூடாது என்பது எங்களிடம் சேரும் முதல் நாளே சொல்லித் தருவது. பூசினால் கம்பம் எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆகிவிடும். லென்ஸ் கழுவும் திரவத்தில் என் கை வெடித்துப் போகும். அன்று கடையில் பழக்க தோஷத்தில் பூசிவிட்டேன். அது தவறுதல்தான், சத்தியமாகத் தவறுதல். கம்பத்தில் ஏறினேன், வழுக்கியது. உடனே புரிந்தது. இறங்கினேன். அடுத்து டாக்டர். ஸ்பிரிட்டில் நனைத்த துணி என் கையில் இருந்தது.

நான் துடைக்கவில்லை.

மறந்தேனா? இல்லை. நேரமில்லையா? இருந்தது. துணியை ஜன்னலோரம் வைத்துவிட்டு, "நீங்க ஏறலாம் டாக்டர்" என்றேன். வழுக்கட்டும், ஒரே ஒரு முறை எல்லோர் முன்னாலும் வழுக்கட்டும் என்று நினைத்தேன். அடிபடும் என்று நினைக்கவில்லை. எட்டடி உயரத்திலிருந்து வழுக்கி விழுந்தார். கீழே நின்ற பஸ் தங்கச்சி தோளைப் பிடித்துவிட்டாள். கையைப் பிடிக்க முடியவில்லை. மெத்தையின் ஓரத்தில் ஊன்றி வலது மணிக்கட்டு முறிந்தது. இன்றுவரைக்கும் அந்தத் தங்கச்சி தன் பிடி சரியில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாள்? தங்கச்சி, உன் பிடி சரியாகத்தான் இருந்தது. ஐந்து வருடம் உன்னை அப்படி நினைக்க விட்டவள் நான்.

எட்டு வாரம் டாக்டரால் குறடு பிடிக்க முடியவில்லை. ஐயா, அந்த எட்டு வாரமும் அவருக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவர் நீங்கள். கோணலாகப் பின்னுகிறீர்கள் என்று அவர் உங்களைக் கேலி செய்துகொண்டிருந்தபோது நானும் அங்கே உட்கார்ந்து சிரித்தேன்.

கடைசி ஆட்டம் எனக்குக் கிடைத்தது. ஆடினேன். கைதட்டினார்கள். இறங்கி வரும்போது யாரோ சொன்னது காதில் விழுந்தது, "டாக்டர் ஆடியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்." எலும்பை முறித்தும் நான் ஜெயிக்கவில்லை.

மறுவாரம் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். நீங்கள் டீ போட உள்ளே போனீர்கள் ஐயா. டாக்டர் கேட்டார், "அக்கா, உங்க க்ரீம்ல பாதாம் வாசனை வருமா?"

"ஏன் டாக்டர்?"

"அன்னிக்கு என் கையில அந்த வாசனை இருந்துச்சு. துடைக்க மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தினமும் பத்துப் பேர் கண்ணைப் பார்க்கிறவள். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "சரிக்கா" என்றார். டீ வந்தது, குடித்தோம்.

கட்டுப் பிரித்து அவர் திரும்பி வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லோரும் சூழ்ந்துகொண்டீர்கள். கீழே தானே நிற்பதாக அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்னார், "நீங்க வேணாம்ண்ணே. அக்கா நிக்கட்டும்." வயதில் மூத்தவள் என்று மரியாதை கொடுக்கிறார் என நினைத்தீர்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். ஏறினார். முழங்காலை மடக்கினார். இரண்டு கையையும் விட்டார். தலைகீழாக அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அந்தக் கண்ணில் பயம் இருந்தது. என்னைப் பார்த்த பயம். பயந்துகொண்டேதான் கையை விட்டார்.

நெகிழ்ந்து போனேன் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன். எரிந்தது. இதிலுமா நீ ஜெயிக்க வேண்டும் என்று எரிந்தது. அன்றிலிருந்து ஐந்து வருடம், வாரத்தில் மூன்று நாள், அவருக்குக் கீழே நான்தான் நின்றேன். ஒருநாளும் அவரை விழ விட்டதில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் வாயெடுத்தேன். கேட்டால் அவர் பெரியவர், நான் சிறியவள் என்று ஆகிவிடுமே. அதற்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார்.

எனக்கு முன் பேசிய தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். டாக்டரின் இடத்தில் இனி நான்தான் முதன்மைப் பயிற்றுநர் என்றார். நீங்களும் அழுத கண்ணோடு கைதட்டினீர்கள். ஒன்பது வருடம் நான் ஏங்கிய கைதட்டல் அது. டாக்டரின் படத்தைப் பார்த்துக்கொண்டே அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். ஐயா, நீங்கள் தலை குனிந்திருக்கிறீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இந்த மாதிரிக் கூட்டத்தில் கடைசியாக உறுதி எடுத்துக்கொள்வது வழக்கம். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று நானும் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பணியை? ஏறக் கற்றுக்கொடுப்பதா? அதை யாரும் செய்யலாம். தனக்குக் கெடுதல் செய்தவள் கீழே நிற்கிறாள் என்று தெரிந்தும் அவர் கையை விட்டாரே, அந்தப் பணியை நம்மில் யார் தொடர முடியும்?

என்னால் முடியவில்லை. பதினோரு வருடத்தில் ஒருமுறை கூட நான் தலைகீழாகத் தொங்கியதில்லை. தோள்வலி என்று சொல்வேன், கண்ணில் அழுத்தம் என்று சொல்வேன். இரண்டும் கதை. கையை விட்டால் கீழே இருப்பவர் பிடிப்பார் என்று எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை. கீழே நின்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நான் என்னைப் போலவே அவர்களையும் நினைத்தேன்.

வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அறையைத் திறப்பேன். பயிற்றுநர் பதவியை யாருக்குக் கொடுப்பது என்று குழு அதன்பிறகு முடிவு செய்யட்டும். அன்று ஏறப்போவது நான். முழங்காலை மடக்கி, கையை விடப்போகிறேன். டாக்டரின் விதிப்படி கீழே ஒருவர் இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்ட பிறகும் எனக்குக் கீழே வந்து நிற்க உங்களில் யாருக்காவது மனம் இருந்தால், தயவுசெய்து வாருங்கள்.