இடது காதுன்னு எழுதிட்டேன்

தவளக்குப்பம் போகும் பஸ்ஸில், இடது வரிசையில் எனக்கு முன்னால் நர்சிங் படிக்கும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று காலைதான் அவர்களுக்கு எதிக்ஸ் டெஸ்ட் முடிந்திருந்தது.

“உன்னோட பலவீனம் என்னன்னு கேட்டதுக்கு, இடது காதுன்னு எழுதிட்டேன்” என்றாள் நடைபாதைப் பக்கம் இருந்தவள். ஜன்னலோரத் தோழியின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“காதா? நான் கோவம், சோம்பேறித்தனம்னு எழுதினேன்.”

“சின்ன வயசுலேர்ந்தே அந்தக் காது கேக்காதுடி. தெரிஞ்சா நர்சிங் வேணாம்னு அனுப்பிடுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. தன்னை அறிதல்னு இவ்ளோ நாளா படிச்சிட்டு, அதுலயே பொய் எழுத மனசு வரல.”

“அப்புறம்?”

“பேப்பரைப் பாத்துட்டு மதியமே மிஸ் கூப்ட்டாங்க. ‘இதுக்கெல்லாம் யாரும் அனுப்ப மாட்டாங்க, சத்தம் கூட்டிக் குடுக்குற ஸ்டெதஸ்கோப்பே இருக்கு, நாளைக்கு காது டாக்டரைப் பாக்கலாம்’னுட்டாங்க. இப்பதான் எனக்குப் பசியே எடுக்குது.”

தோழி அவளுடைய இடது காதைப் பார்த்தாள்.

“நான் கூப்ட்டா பல தடவ நீ திரும்பவே மாட்ட. திமிருன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமில்ல? எந்திரி, நீ ஜன்னல் பக்கம் வா.”

இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அரியாங்குப்பம் பாலத்தில் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். தோழி அவளுடைய வலது காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.