பச்சை டிக்

பாகீரதி: ...அத இன்னொரு தடவ சொல்லுங்க.

சிந்து: எதக்கா?

பாகீரதி: இப்ப சொன்னீங்களே, தப்பப் பத்தி.

சிந்து: ஓ, அதுவா... இது உங்களுக்குப் பரீட்ச இல்லக்கா. இந்த வெப்சைட்டுக்குத்தான் பரீட்ச. நீங்க எங்கயாவது மாட்டிக்கிட்டா அது உங்க தப்பு இல்ல. இதச் செஞ்சவங்க தப்பு.

பாகீரதி: செஞ்சவங்க தப்பு.

சிந்து: ஆமா.

பாகீரதி: வர்ற எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?

சிந்து: எல்லார்கிட்டயும்தான். இல்லன்னா பயந்துடுவாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன் இல்லியா...

பாகீரதி: இது ரெக்கார்டு ஆகுதா?

சிந்து: ஆகுதுக்கா. குரலும் ஸ்க்ரீனும் மட்டும். மூஞ்சி வராது. வேணாம்னா நிறுத்திடறேன்...

பாகீரதி: ஓடட்டும், ஓடட்டும்.

தினேஷ்: சிந்து, ஷுரு மாடு. ஸ்வல்ப நிதானவா ஹேளு, அவ்ரிகே கொத்தாகல்ல...

பாகீரதி: கொத்தாகுத்தப்பா, நல்லாவே கொத்தாகுத்து! பொறந்து வளந்தது இதே ஊர்ல, ஆஸ்டின் டவுன். எனக்குப் புரியாதுன்னு கன்னடத்துல சொல்றியே... அதுவும் எனக்குப் புரியுதே.

தினேஷ்: சாரி அக்கா.

சிந்து: இவர் தினேஷ். நோட்ஸ் எழுதத்தான் உக்காந்திருக்கார். ஒண்ணும் பேச மாட்டார்.

பாகீரதி: எங்க கம்பெனிலயும் இப்படி ஒருத்தர் பேச மாட்டேன்னுட்டு முதுகுக்குப் பின்னால நிப்பாரு.

சிந்து: பொம்மனஹள்ளிலதான?

பாகீரதி: ம். சட்ட தைக்கிற கம்பெனி. நான் செக்கிங். தையல் எங்க பிசகியிருக்கோ அங்க சின்னதா ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். ஒரு நாளைக்கு நானூறு சட்ட.

சிந்து: அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வேலதான்.

பாகீரதி: நீங்களும் செக்கிங்கா? தைக்கிறவங்கன்னு நெனச்சேன்.

சிந்து: ...ரெண்டும்தான்க்கா. உங்களுக்கு போன் நல்லாப் பழக்கமா?

பாகீரதி: எனக்கு வாட்ஸப்போட சரி. மத்ததெல்லாம் எம் பையன் யுவன்தான். பீன்யால ஒரு பட்டறைல, இரும்பு கடையற கம்ப்யூட்டர் மெஷினுக்கு நம்பர் போடற வேல. முடி அளவு பிசகினாக் கூட இரும்பு வேஸ்டுன்னு சொல்வான். கண்ண மூடிக்கிட்டு போன அமுக்குவான்.

சிந்து: அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே.

பாகீரதி: அவன் இப்பல்லாம் போனத் தொடறதில்ல.

சிந்து: அடேயப்பா! இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா?

பாகீரதி: ...இப்படி ஒரு பையன்தான்.

சிந்து: சரிக்கா, ஆரம்பிக்கலாம். ஒரு ஆஸ்பத்திரிக்கு நாங்க செஞ்ச சைட் இது. ஒரே ஒரு விஷயம். மனசுல தோணுறத எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். இது என்ன, அது எங்கன்னு... திட்டணும்னாலும் திட்டுங்க.

பாகீரதி: திட்டலாமா? நல்ல வேலையா இருக்கே.

சிந்து: இப்ப ஒரு கற்பனை. உங்க வீட்ல ஒருத்தருக்குக் கிட்னி சரியில்ல. டயாலிசிஸ் செய்யணும். சனிக்கிழம காலைல ஏழு மணிக்கு நேரம் பதியணும்.

பாகீரதி: ஏழு மணியா?

சிந்து: ...ஏன்க்கா?

பாகீரதி: சும்மாதான் கேட்டேன். கற்பனைதான, ஏழே இருக்கட்டும். மொதல்ல பேரு கேக்குது. யார் பேரப் போட?

சிந்து: ஏதாவது போடுங்க.

பாகீரதி: சுஹாஸ்னு போடறேன். எங்க மேனேஜரு. அவரு கிட்னி போனா பரவால்ல.

தினேஷ்: அக்கா, இது ரெக்கார்டு ஆகுது!

பாகீரதி: நீதான் பேச மாட்டியே? எழுது... தேதி. சனிக்கிழம. அப்புறம் கட்டம் கட்டமா மணி. ஆறு, ஏழு, எட்டு. ஏழ அமுக்கறேன். பச்சையாயிடுச்சு. டிக் விழுந்துடுச்சு.

சிந்து: ம்...

பாகீரதி: அவ்ளோதான். முடிஞ்சுது.

சிந்து: முடிஞ்சுதா?

பாகீரதி: பச்ச டிக் விழுந்தா முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்? கரன்ட் பில் கட்டினா அப்படித்தான வருது.

தினேஷ்: சிந்து, ஹின்ட் கொடபேடா.

சிந்து: தெரியும் தினேஷ், சொல்லிக் குடுக்க மாட்டேன்... சரிக்கா. முடிஞ்சுடுச்சு. அடுத்தது என்ன செய்வீங்க?

பாகீரதி: அதுக்கப்புறமும் கற்பனை பண்ணணுமா?

சிந்து: தோணுறதச் சொல்லுங்க.

பாகீரதி: சனிக்கிழம ஆறு மணிக்கு ஆட்டோ வரும். அவருக்குக் காலு வீங்கியிருக்கும். செருப்பு ஏறாது. விரல் நுனில மாட்டிக்கிட்டு இழுத்து இழுத்து நடப்பாரு. கவுன்டர்ல ஒரு பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, உங்க பேரே இல்லியேம்மா, ஏழு மணி வேற ஆளுக்குப் போயிடுச்சேங்கும். எப்பவும் நோட்டுல எழுதிக்குவீங்களேன்னு கேப்பேன். இந்த வாரத்துலேர்ந்து எல்லாம் போன்லதான், இனிமே திங்கக்கிழமதான் எடம் இருக்குங்கும். நான் சத்தம் போடுவேன். அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு, வுடு பாகி, ரெண்டு நாள்தான, தாங்கிடுவேன், அந்தப் பொண்ணு என்ன பண்ணும்பாரு...

சிந்து: அக்கா...

பாகீரதி: கற்பனைதான?

தினேஷ்: சிந்து, நெக்ஸ்ட் டாஸ்க்?

சிந்து: தினேஷ், கீழ போய் மூணு டீ வாங்கிட்டு வர்றியா?

தினேஷ்: ஈகலா? நோட்ஸ் யாரு...

சிந்து: நான் எழுதிக்கறேன். ப்ளீஸ், ஹோகு.

பாகீரதி: ...நல்ல பையன். கதவ மெதுவாச் சாத்திட்டுப் போறான். என் கைப்பைய இப்படிக் குடுங்க.

சிந்து: என்ன தேடறீங்க? தண்ணி வேணுமா? ஐயோ, ஸ்டிக்கர போன் ஸ்க்ரீன்ல ஒட்டாதீங்கக்கா!

பாகீரதி: ஒட்டியாச்சு. நீங்களும் செக்கிங்னு சொன்னீங்களே. இந்தப் பச்சைலதான் பிசகு. அம்பு சரியா நிக்குதா?

சிந்து: ...சரியாத்தான் நிக்குது. அதுக்குக் கீழ, நல்லா தள்ளிப் பாத்தா, ‘உறுதி செய்’னு இன்னொண்ணு இருக்கு. அதையும் அமுக்கணும். சின்ன போன்ல அது கண்ணுக்கே தெரியாது.

பாகீரதி: அவ்ளோ கீழயா இருந்துச்சு...

சிந்து: திங்கக்கிழம வரைக்கும் அவரு...

பாகீரதி: ஞாயித்துக்கிழம மத்தியானம். சோறு பெசஞ்சு வச்சிருந்தேன்.

சிந்து: முனிகிருஷ்ணன். அதான அவர் பேரு?

பாகீரதி: நான் பேரு சொல்லவே இல்லியே.

சிந்து: அக்கா, அது வந்து...

பாகீரதி: சொல்லும்மா. மனசுல இருக்கறத வாய்விட்டுச் சொல்லணும்னு நீதான சொன்ன?

சிந்து: மொத வாரத்துல நூத்திப் பன்னண்டு பேரு இந்தப் பச்சையோட நின்னுட்டாங்க. அந்த லிஸ்ட் எங்கிட்ட வரும். மத்த எல்லாரும் ஏதோ ஒரு நாள் திரும்ப வந்து சரியாப் பதிஞ்சிருந்தாங்க. ஒரு பேரு மட்டும் வரவே இல்ல. தெனமும் காலைல வந்ததும் அந்தப் பேரத் தேடுவேன். வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்குவேன். யாரோ கிட்னி குடுத்துட்டாங்க, நல்லாயிட்டாருன்னு கூட... எட்டு மாசமாச்சு அந்த நம்பருக்கு போன் போட. நீங்க எடுத்தீங்க. அவர் எப்படி இருக்காருன்னு கேக்கத்தான் போட்டேன். டெஸ்டுக்கு ஆள் வேணும்னு வாயில வந்துடுச்சு.

பாகீரதி: இதத் தைச்சது யாரு?

சிந்து: நான்தான். அந்தப் பச்ச நான் வச்சது. சைட்டத் தொறக்கறதுக்கு முன்னாடி அஞ்சு பேர வச்சுப் பாத்தோம். நாலு பேரு இங்கதான் நின்னாங்க. மீட்டிங்ல சொன்னேன். தேதி குறிச்சாச்சு, அப்புறம் மாத்திக்கலாம்னாங்க. நானும் சரின்னுட்டேன்.

பாகீரதி: இப்பவாச்சும் மாத்துனீங்களா?

சிந்து: இன்னும் இல்ல. வெறும் நம்பரக் காட்டினா யாரும் அசைய மாட்டேங்கறாங்க. ஒரு ஆள் மாட்டிக்கறத அவங்க காதால கேக்கணும். உங்கள வரச் சொன்னதுல அதுவும் இருக்கு. மன்னிப்புக் கேக்கக் கூட எனக்கு...

பாகீரதி: நானும் ஒண்ணும் தெரியாத மாதிரிதான வந்து உக்காந்தேன். நீ போன்ல ஆஸ்பத்திரி பேரச் சொன்னதுமே ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். பையன் பக்கத்துல செவுத்தப் பாத்துப் படுத்திருந்தான். வேலைக்குப் போறதில்ல, பேசறதில்ல, அந்த போன எங்கிட்டத் தூக்கிக் குடுத்ததோட சரி. நீ சொன்ன பாரு, மாட்டிக்கிட்டா உங்க தப்பு இல்லன்னு... அப்ப திரும்பிப் பாத்தான். அவ்ளோ நாள்ல அந்த ஒரு தடவதான். அதுக்காகத்தான் லீவு போட்டு ரெண்டு பஸ் மாறி வந்தேன்.

சிந்து: ரெக்கார்டிங்க நிறுத்திடட்டுமாக்கா?

பாகீரதி: வேணாம்.

சிந்து: நான் சொன்னதெல்லாம் அதுல இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்க.

பாகீரதி: கேக்கட்டும். எனக்கும் ஒரு காப்பி வேணும். மொதல்ல சொன்னத இன்னொரு தடவ சொல்லு.

சிந்து: ...பாகீரதி அக்கா, தப்பு உங்களோடது இல்ல.

பாகீரதி: என் பேரு வேணாம்மா. யுவன்னு கூப்பிட்டுச் சொல்லு. அன்னிக்குப் பச்சையப் பாத்துட்டு, ‘முடிஞ்சுதும்மா’ன்னு போனக் கீழ வச்சது அவன்தான்.